சர்ப்பகந்தி வேரும் பதற்ற மாத்திரையும்: பக்கவிளைவைச் சொன்னவர்களின் வரலாறு

"மாத்திரை ஆரம்பிச்சு அஞ்சு நாள்தான் ஆகுது. வயிறு புரட்டுது. ராத்திரி தூக்கம் இல்ல. பதற்றம் முன்னைவிடக் கூடுன மாதிரி இருக்கு. அதனால நிறுத்திட்டேன்."

கல்லூரி விடுதியில் இருக்கும் மாணவர்களிடமிருந்து, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடமிருந்து, களப்பணியில் இருக்கும் தோழர்களிடமிருந்து இந்த வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பின்னாலேயே இரண்டு அறிவுரைகளும் வந்துவிடும். வீட்டில் சொல்வார்கள்: "இங்கிலீஷ் மருந்துன்னாலே அப்படித்தான். குற்றாலத்துல மூலிகை கிடைக்கும், அதுல பக்கவிளைவே கிடையாது." அமைப்பில் சொல்வார்கள்: "சமூகம்தான் நோய். உனக்கு எதுக்குத் தோழர் மாத்திரை?"

இரண்டு பேச்சுமே வரலாறு தெரியாத பேச்சு. பதற்ற மாத்திரையின் கதை ஐரோப்பாவில் மட்டும் நடந்ததல்ல. அதில் ஒரு முக்கியமான பகுதி நம் மலையடிவாரத்திலும் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து புறப்பட்டது. அந்த வேரின் பக்கவிளைவை ஆராயப் போன வழியில்தான், இன்று உங்கள் கையில் இருக்கும் மாத்திரைக்கான அறிவும் பிறந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், முதல் சில வாரங்களை எப்படிக் கடப்பது என்பதும், அந்த நாட்களில் உங்கள் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதும் விளங்கும்.

மலையடிவாரத்து வேர்

சர்ப்பகந்தி ஈரமும் நிழலும் உள்ள காட்டில் வளரும் சிறு செடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களிலும் இமயத்தின் அடிவாரங்களிலும் காணப்படுவது. பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் சித்தபிரமைக்கும் இதன் வேரைக் கொடுக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. பீகார் பக்கம் இதற்கு 'பைத்தியத்துக்கான மருந்து' என்ற பொருளிலேயே பெயர் உண்டு.

1931இல் இரண்டு வேலைகள் நடந்தன. டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் இந்த வேரிலிருந்து வேதிப்பொருட்களைப் பிரித்தெடுத்தார்கள். ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் இந்த வேர் பயன்படுகிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகம் கவனிக்கவில்லை. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், தான் இந்த வேரைக் கொடுத்த 50 ரத்த அழுத்த நோயாளிகளைப் பற்றி பிரிட்டனின் இதயநோய் இதழில் எழுதிய பிறகுதான் மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா நிறுவனத்து விஞ்ஞானிகள் வேரின் வீரியமான பொருளைத் தனியாகப் பிரித்து 'ரெசர்பின்' என்று பெயரிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. ரெசர்பின் உலகச் சந்தைக்குப் போனது. 1954இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநல மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். காட்டிலிருந்து வேர் டன் கணக்கில் பிடுங்கப்பட்டது. இன்று இந்தச் செடி, சர்வதேச வணிகத்தில் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வேரை முதலில் அறிந்து வைத்திருந்த மலைமக்களும் நாட்டு வைத்தியர்களும் அந்த மருந்தின் புகழில் எங்கும் இல்லை.

மூலிகைக்கும் பக்கவிளைவு உண்டு

ரெசர்பின் பலருக்கு உதவியது. ரத்த அழுத்தம் இறங்கியது, படபடப்பு அடங்கியது. 1955இல் லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் என்ற இரு மருத்துவர்கள், பதற்றமும் சோர்வும் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ரெசர்பினும் மறுபகுதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ரெசர்பின் எடுத்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. அந்த வகையில் அது ஒரு பதற்ற மருந்துதான்.

ஆனால் அதை உட்கொண்டவர்கள் வேறு சிலவற்றையும் சொன்னார்கள். மூக்கு அடைக்கிறது. பகலெல்லாம் தூக்கம் சொக்குகிறது. வயிற்றுப்போக்கு. கெட்ட கனவு. சிலர் சொன்னது இன்னும் கனமானது: எதிலும் மனம் ஒட்டவில்லை, வாழவே பிடிக்கவில்லை. 1954இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஃப்ரெய்ஸ், அதிக அளவில் நீண்ட காலம் ரெசர்பின் எடுத்த ரத்த அழுத்த நோயாளிகளிடம் இப்படி மனச்சோர்வு வருவதைப் பதிவு செய்தார். குறைந்த அளவில் கொடுத்தால் இந்த ஆபத்து அவ்வளவு இல்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதம் முழுதாக முடியவில்லை. ஆனாலும் இதில் தெளிவாகும் விஷயம் ஒன்று உண்டு. ஒரே பொருள் ஓர் அளவில் உதவுகிறது, இன்னோர் அளவில் கெடுக்கிறது. செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பது அதை மாற்றாது.

குற்றாலக் கடைவீதியில் வேர், பட்டை, பொடி எல்லாம் கிடைக்கும். அருவியில் குளித்தால் பித்தம் தெளியும் என்ற நம்பிக்கையும் இந்தப் பக்கம் உண்டு. சாரல் காலத்தில் அருவியில் நின்றால் உடம்பு லேசாகும், மனமும் லேசாகும். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மனநல மருத்துவர் எழுதிய மாத்திரையோடு யாரோ கொடுத்த சர்ப்பகந்திப் பொடியையும் சேர்த்து விழுங்குவது வேறு விஷயம். மூளையில் எந்தப் பொருளை மாத்திரை தக்கவைக்கப் பார்க்கிறதோ, அதே பொருளை இந்த வேர் காலி செய்கிறது. எப்படித் தெரியும் என்றால், கதையின் அடுத்த கட்டமே அதுதான்.

பக்கவிளைவிலிருந்து பிறந்த அறிவு

ரெசர்பின் கொடுத்தால் மூளைக்குள் என்ன நடக்கிறது? 1955இல் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வகத்தில் பிளெட்ஷர், ஷோர் ஆகியோர் இதைத் தேடினார்கள். ரெசர்பின் உடலில் சேமித்து வைக்கப்பட்டிருந்த செரட்டோனின் என்ற பொருளைக் காலியாக்கியது. அதே ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற சுவீடன்காரர் அர்விட் கார்ல்சன் ஊருக்குத் திரும்பி, ரெசர்பின் கொடுக்கப்பட்டு அசையாமல் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா என்ற பொருளைக் கொடுத்தார். முயல்கள் எழுந்தன. 1957இல் வெளியான அந்த ஆய்வின் தொடர்ச்சியாகத்தான் டோபமைன் பற்றிய அறிவும், பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சையும் வளர்ந்தன. 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கார்ல்சன் அங்கே நிற்கவில்லை. செரட்டோனினைக் காலி செய்தால் ஆள் சோர்ந்து போகிறார் என்றால், அதை நரம்பு இடைவெளியில் அதிக நேரம் தங்க வைத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியிலிருந்து அவரும் சக ஆய்வாளர்களும் சிமெலிடின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். இன்று மருத்துவர்கள் எஸ்எஸ்ஆர்ஐ என்று சொல்லும் மருந்து வகையில் முதலில் சந்தைக்கு வந்தவற்றுள் ஒன்று இது. 1982இல் வந்தது, 1983இல் திரும்பப் பெறப்பட்டது. காரணம் பக்கவிளைவு: சிலருக்கு நரம்புகளைப் பாதிக்கும் கில்லன் பாரே என்ற கடும் நோய் வந்தது. அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தார் அதே பாதையில் உருவாக்கிய ஃபுளூவாக்சடின் 1987 டிசம்பரில் அங்கே அனுமதி பெற்றது. செர்ட்ராலின், பராக்சடின், எசிடலோபிராம் என்று இன்று பதற்றத்துக்கு அதிகம் எழுதப்படும் மாத்திரைகள் எல்லாம் அதே குடும்பம். இந்தியாவின் 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கொடுக்க மறுத்ததால், பல ஆண்டுகள் நம் நாட்டு ஆலைகள் வெளிநாட்டு மருந்துகளை மலிவாகச் செய்ய முடிந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் இந்த மாத்திரை எட்டியதற்கு அது ஒரு காரணம்.

ஓர் எச்சரிக்கை. 'செரட்டோனின் குறைந்ததால்தான் பதற்றம்' என்று சுருக்கிச் சொல்வது அறிவியல் நிரூபித்த உண்மை அல்ல. மருந்து பலருக்கு வேலை செய்கிறது என்பது ஆய்வுகளில் தெரிகிறது. நோயின் மூலம் இதுதான் என்பது அதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. காய்ச்சல் மாத்திரையில் காய்ச்சல் இறங்குவதால், உடம்பில் அந்த மாத்திரை குறைந்ததால்தான் காய்ச்சல் வந்தது என்று சொல்வோமா?

சொன்னவர்களும் கேட்காதவர்களும்

நடுவில் இன்னொரு கதை இருக்கிறது. 1960இல் லிப்ரியம், 1963இல் வேலியம். ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் உருவாக்கிய பென்சோடயசபின் வகை மருந்துகள் இவை. அரை மணி, ஒரு மணி நேரத்தில் பதற்றம் அடங்கும். உலகமே வாங்கியது. அதிகம் எடுத்தவர்கள் பெண்கள்.

நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, வலிப்புகூட வரலாம் என்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டிய செய்தியே அல்ல. 1961லேயே லியோ ஹாலிஸ்டர் என்ற மருத்துவர், அதிக அளவில் லிப்ரியம் கொடுத்துத் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகிறது என்று எழுதிவிட்டார். ஆனாலும் இருபது ஆண்டுகள் மருந்துச் சீட்டு எழுதிக் குவிந்தது. 'என்னால் நிறுத்த முடியவில்லை' என்று சொன்ன பெண்களிடம், அது உன் பழைய பதற்றம்தான் என்று திருப்பிச் சொல்லப்பட்டது. 1980இல் பிரிட்டனின் அரசுக் குழு ஒன்று இந்த மருந்துகளுக்கு அடிமையாகும் ஆபத்து சிறிதுதான் என்றது. 1980களின் முதல் பாதியில் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்குப் பயனாளிகள் கடிதங்களாக எழுதிக் குவித்த பிறகு காற்று திரும்பியது. 1988இல் பிரிட்டன் அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மட்டும் எழுதுங்கள் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டியது.

எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளிலும் இதே கதை. இளையோர் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கையை 2004இல் அமெரிக்க அரசு மருந்தின் விவரக்குறிப்பிலேயே கட்டாயமாக்கியது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. நிறுத்தும்போது வரும் தொல்லைகள் லேசானவை, ஒரு வாரத்தில் சரியாகும் என்றுதான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் நெடுங்காலம் சொல்லிவந்தது. மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் விடாமல் பேசினார்கள். 2019இல் பிரிட்டனின் மனநல மருத்துவர் கழகம் தன் நிலைப்பாட்டை மாற்றியது. வழிகாட்டுதலும் மாறியது: சிலருக்குத் தொல்லை கடுமையாகவும் நீண்டும் இருக்கலாம், மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

மூன்று காலம், மூன்று மருந்து. ஒவ்வொரு முறையும் பக்கவிளைவை முதலில் அறிந்தவர் மாத்திரையை விழுங்கியவர். ரெசர்பினில் ஒரு மருத்துவர் காதுகொடுத்தார், ஓரிரு ஆண்டில் அது அறிவாக மாறியது. வேலியத்தில் யாரும் காதுகொடுக்கவில்லை, இருபது ஆண்டுகளுக்கு மேல் போயிற்று. யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்தே அந்தக் கால அளவு அமைந்தது. இங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது.

கைமாறிய தெர்மாமீட்டர்

'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று தமிழில் அறியப்படும் தன்வரலாற்றுக் குறிப்புகளில் பாபாசாகேப் அம்பேத்கர் ஒரு கடிதத்தை எடுத்து வைக்கிறார். கத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத சாதிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதி, 1929 டிசம்பர் 12 'யங் இந்தியா' இதழில் வெளியான கடிதம் அது. ஆசிரியரின் மனைவி பிரசவத்துக்குப் பிறகு நோயில் விழுகிறார். மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்களிடம் கெஞ்சிய பிறகு, நோயாளியைக் குடியிருப்புக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்கிறார். தெர்மாமீட்டரை மருத்துவர் ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் தெர்மாமீட்டர் திரும்பிப் போகிறது. நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

தெர்மாமீட்டருக்கு மூன்று கை போதும். எண் மாறாது. பதற்ற மாத்திரைக்கு அப்படி முடியாது. அதற்கு ரத்தப் பரிசோதனை இல்லை, எக்ஸ்ரே இல்லை. மாத்திரை வேலை செய்கிறதா, அளவைக் கூட்டவா குறைக்கவா, வேறு மருந்துக்கு மாற்றவா என்பதெல்லாம் நோயாளி சொல்லும் சொல்லை வைத்தே முடிவாகிறது. சொல்ல விடாத இடத்தில் இந்த மருத்துவமே நடக்காது.

இன்று மருத்துவர் தெருவில் நின்றுகொண்டு பார்ப்பதில்லை. ஆனால் எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்ட பிறகு குரல் மாறுவதை அனுபவித்தவர்கள் நம்மில் ஏராளம். 'ரிசர்வேஷன்ல வந்தியா?' என்ற கேள்விக்குப் பயந்து, பதற்றம் எங்கே தொடங்கியது என்பதையே சொல்லாமல் திரும்பியவர்களும் உண்டு. விடுதியில், வகுப்பில், ஆய்வகத்தில் நடந்த இழிவை மறைத்துவிட்டு 'பரீட்சைப் பயம்' என்று மட்டும் சொன்னால், பக்கவிளைவையும் அதே கூச்சத்தோடு மறைப்போம். ரோகித் வெமுலாவின் பெயரை 2016 ஜனவரி முதல், மருத்துவர் பாயல் தட்வியின் பெயரை 2019 மே முதல் சுவரொட்டிகளில் ஏந்துகிறோம். ஏந்துபவர்களும் உயிரோடு, உறங்கி எழுந்து, சாப்பிட்டு இருக்க வேண்டும்.

பேச்சு முற்றிலும் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் தொலைவில் தேட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் வெந்து இறந்தார்கள். கோயில், தர்கா, தேவாலயம் என்று எல்லா மத இடங்களுக்கும் மனநோயாளிகளைக் கொண்டுபோன குடும்பங்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள். அவர்களுக்கு அருகில் மருத்துவமனை இல்லை. இருந்தாலும் அங்கே மரியாதை இல்லை.

சட்டம் உங்கள் பக்கம் சொல்வது

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் மூன்று விஷயங்களை ஒவ்வொரு மாணவர் அமைப்பும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

முதலாவது, 18ஆம் பிரிவு. அரசு நடத்தும் அல்லது நிதி தரும் மனநலச் சேவையைப் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு, சாதி உள்ளிட்ட எந்த அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்கிறது. 'சாதி' என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. இரண்டாவது, 22ஆம் பிரிவு. தரப்போகும் சிகிச்சை என்ன, அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள் என்ன என்பதை, நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். மூன்றாவது, 25ஆம் பிரிவு. தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை.

ஆக, "இந்த மாத்திரையில என்ன பக்கவிளைவு வரும் டாக்டர்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அது சட்டம் கொடுத்த கேள்வி.

எந்த நோயாளியும் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டியிராதபடி சேவை அமைய வேண்டும், மாவட்டம்தோறும் குறைந்தபட்ச சேவை இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமாவதற்கு முன்பு தென்காசிப் பகுதியின் மாவட்டத் தலைநகரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தள்ளி இருந்த திருநெல்வேலி. கடையநல்லூரிலோ சுரண்டையிலோ பீடி சுற்றும் ஓர் அம்மாவுக்கு, மகளை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டை போய்வருவது ஒரு நாள் கூலி. பக்கவிளைவைச் சொல்ல இரண்டாம் முறை போவது இன்னொரு நாள் கூலி. 'நிறுத்திட்டேன்' என்ற சொல்லுக்குப் பின்னால் பல வீடுகளில் இந்தக் கணக்கும் இருக்கிறது. அதனால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று விசாரித்து ஊரில் எழுதிப்போடுவதும் இயக்க வேலைதான்.

முதல் சில வாரங்கள்

வரலாறு சொன்னதை இனி நடைமுறையாகப் பார்ப்போம். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் பேசுவதற்கான தயாரிப்பு.

1. பலன் பின்னால் வரும், தொல்லை முன்னால் வரும். நம் உடலின் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. அதனால் முதல் நாட்களில் குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை. தலைவலி, வியர்வை, வாய் வறட்சி, தூக்கக் குழப்பம், உள்ளுக்குள் ஒரு துடிப்பு ஆகியவையும் வரலாம். பலருக்கு இவை ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். பதற்றம் குறைவது தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். ஐந்தாம் நாளில் மருந்து தோற்றுவிட்டது என்று தீர்ப்பு எழுத முடியாது.

2. சிறிய அளவில் தொடங்கலாமா என்று கேளுங்கள். பதற்றம் உள்ளவர்களுக்குப் பாதி அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த வழி. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது, தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றுவது, தூக்கம் சொக்கினால் இரவுக்கு மாற்றுவது என்று சின்னச் சின்ன வழிகள் இருக்கின்றன. மாற்றுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. எழுதி வையுங்கள். தேதி, மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை மணிக்கு எடுத்தேன், எப்படித் தூங்கினேன், என்ன தொல்லை, எது குறைந்தது. நாளுக்கு மூன்று வரி போதும். மருத்துவரின் அறையில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால், அந்த நோட்டை நீட்டுங்கள். வாய் தடுமாறும் இடத்தில் தாள் பேசும்.

4. காத்திருக்கக் கூடாத அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் புதிதாக வந்தாலோ கூடினாலோ, உட்கார முடியாத அளவு தவிப்பு, தூக்கமே இல்லாத அதீத உற்சாகம், உடம்பில் தடிப்பு, முகவீக்கம், அதிகக் காய்ச்சலோடு உடல் விறைப்பு ஆகியவை வந்தாலோ, அடுத்த தேதி வரை பொறுக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் மாத்திரை தொடங்கும்போதும், அளவு மாறும்போதும், அறைத்தோழர் ஒருவரிடமாவது சொல்லி வைப்பது நல்லது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

5. சட்டென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, திரும்பி வரும் பதற்றம் என்று உடம்பு அடம்பிடிக்கும். ஒத்துவரவில்லை என்றால் மாற்று மருந்துகள் இருக்கின்றன. குறைத்து நிறுத்தவும் முறை இருக்கிறது. 'இது எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அதை மருத்துவரிடம் சொல்லி, படிப்படியாகச் செய்யுங்கள். பாலுறவில் ஆர்வம் குறைவது, எடை கூடுவது போல நாள்பட நீடிக்கும் தொல்லைகளையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பலர் சொல்லாமலே நிறுத்துவதற்கு இவையே காரணம்.

6. கூடவே தரப்படும் தூக்க மாத்திரையில் கவனம் தேவை. ஆரம்ப நாட்களைக் கடக்கச் சிலருக்குக் குளோனசெபாம் போன்ற பென்சோடயசபின் சில நாட்களுக்கு எழுதப்படும். எத்தனை நாள் என்று அன்றே கேட்டுவிடுங்கள். பழைய சீட்டைக் காட்டி நீங்களாக வாங்கித் தொடராதீர்கள். அல்பிரசோலாம், டயசெபாம் போன்றவற்றுக்கு 2014 முதல் மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று விதி இருப்பது சும்மா அல்ல. மாத்திரை எடுக்கும் காலத்தில் மது வேண்டாம்.

7. சாப்பிடும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வலி மாத்திரை, சத்து டானிக், சித்த மருந்து, குற்றாலத்தில் வாங்கிய பொடி என எதையும் மறைக்காதீர்கள். சித்த மருத்துவரிடம் போனால் அவரிடமும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

சாதிக்கு மாத்திரை உண்டா?

கிடையாது. இழிவு நடந்த இடத்தில் புகார் எழுத வேண்டும், கூட்டம் கூட வேண்டும், வழக்குப் போட வேண்டும். தென்காசிக்குப் பக்கத்தில்தான் மீனாட்சிபுரம் இருக்கிறது. 1981 பிப்ரவரியில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறிய ஊர். அன்றாட அவமானத்திலிருந்தும் அச்சத்திலிருந்தும் வெளியேற இந்த மண்ணின் மக்கள் கூட்டாக எவ்வளவு பெரிய முடிவையும் எடுப்பார்கள் என்பதற்கு அது சாட்சி. எந்த மாத்திரையும் அந்த வேலையைச் செய்யாது.

ஆனால் கூட்டத்துக்குப் போக முடியாமல் நெஞ்சு படபடத்து அறைக்குள் கிடப்பவருக்கு, எழுந்து நடக்க ஒரு கை தேவை. ஃபிரான்ஸ் ஃபனான் 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்தார். காலனி ஆட்சிதான் மனிதரைச் சிதைக்கிறது என்று அவரைவிட உரக்கச் சொன்னவர் இல்லை. அதைச் சொல்லியே பதவி விலகினார். அவர் தம் நோயாளிகளுக்கு அந்தக் காலத்து மருந்துகளையும் கொடுத்தார். சமூகம் மாறும் வரை நீ தவித்துக் கிட என்று சொல்லவில்லை.

நம் வீட்டுக் கதையும் இருக்கிறது. அரசியலமைப்பு வரைவு வேலையின் நடுவில் அம்பேத்கர் நீரிழிவாலும் நரம்பு வலியாலும் அவதிப்பட்டார். இன்சுலின் போட்டுக்கொண்டார். 1948 ஏப்ரல் 15 அன்று மருத்துவர் சாரதா கபீரை மணந்தார். பின்னாளில் சவிதா அம்பேத்கர் என்று அறியப்பட்ட அவர், கணவரின் உணவையும் மருந்தையும் கவனித்துக்கொண்டார். ஊசி போட்டுக்கொண்டதால் அவருடைய போராட்டம் சிறுத்துவிட்டது என்று யாராவது சொல்வோமா? உடம்பின் இன்சுலினுக்குத் தராத வெட்கத்தை மனதின் மாத்திரைக்கு மட்டும் ஏன் தர வேண்டும்?

மாத்திரை தொடங்கிய தம்பி தங்கைகளே, வரும் தொல்லையைப் பல்லைக் கடித்துக்கொண்டு சகிக்கவும் வேண்டாம், யாரிடமும் சொல்லாமல் தூக்கி எறியவும் வேண்டாம். நோட்டில் எழுதி, மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு மருத்துவர் கேட்கவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அமைப்பிலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். அமைப்பில் இருப்பவர்கள், அப்படி யாராவது கூப்பிட்டால் அன்றைய கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜெய் பீம்.